வழியில் நின்றவனே அயலான்

(மேல்சித்தாமூரில் நமது கிராம மருத்துவ முகாமை ஒட்டி நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி. வர இயலாமற்போன அன்பர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே வெளியிடுகிறோம்.)



இன்று காலை நமது வேன் திண்டிவனம் சாலையை விட்டுத் திரும்பி இந்த ஊருக்குள் நுழைந்தபோது, வெளியூரிலிருந்து வந்த அன்பர்களில் சிலர், "ஐயா, இந்தச் சிறிய ஊரில் இவ்வளவு பெரிய கோயிலா?" என்று கேட்டார்கள். செஞ்சி என்றால் நமக்குக் கோட்டைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தக் கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் இந்த மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமையிடம். அவர்களுடைய மடமும் பார்சுவநாதர் கோயிலும் இங்கேதான் இருக்கின்றன. இந்த ஊரார் நம் முகாமுக்கு நிழலும் தண்ணீரும் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதலாவது நம்முடைய நன்றியைச் சொல்லுகிறேன்.

சமண நெறியில் நான்கு தானங்களைச் சொல்லுவார்கள். பசித்தவனுக்கு அன்னம், நோயாளிக்கு ஔடதம் அதாவது மருந்து, அறிவில்லாதவனுக்குச் சாத்திரம், பயந்து வருகிறவனுக்கு அபயம். இந்த நான்கில் ஔடத தானம் என்றால் என்ன என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மனிதனிடத்தில் கற்றுக்கொண்டேன். அதைச் சற்று நேரத்தில் சொல்லுகிறேன். சொல்லுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று சொல்லாவிட்டால் இந்தச் செய்தியைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை.

நாம் தியானிக்கப்போகும் பகுதி லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த உவமை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற இறக்கமான மலைப்பாதையில் ஒருவன் கள்ளர் கையில் அகப்படுகிறான். அடிபட்டு, உடைமைகளை இழந்து, குற்றுயிராய்க் கிடக்கிறான். ஆசாரியன் ஒருவன் வருகிறான், பார்க்கிறான், போய்விடுகிறான். லேவியன் ஒருவன் வருகிறான், அவனும் அப்படியே போய்விடுகிறான். மூன்றாவதாக வருகிறவன் சமாரியன்.

மதுரை அரசரடியில் இறையியல் படித்த நாட்களில் இந்தப் பகுதியைக் கிரேக்க மூலத்தோடு வைத்துப் படித்தேன். அதைப் பற்றி நீண்ட கட்டுரையும் எழுதினேன். அன்று கவனித்த ஒரு காரியத்தை இன்றும் மறக்கவில்லை. நியாயசாஸ்திரி கேட்ட கேள்வி வேறு, ஆண்டவர் திருப்பிக் கேட்ட கேள்வி வேறு. எனக்கு அயலான் யார் என்று அவன் கேட்டான். யார் யாரை நேசிக்க வேண்டும், யாரை விட்டுவிடலாம் என்று ஒரு எல்லைக்கோடு அவனுக்கு வேண்டியிருந்தது. ஆண்டவரோ, விழுந்து கிடந்தவனுக்கு அயலானாய் ஆனது யார் என்று கேட்டார். முதல் கேள்வியில் அயலான் எங்கேயோ வெளியே இருக்கிறான். இரண்டாவது கேள்வியில் நான்தான் அயலானாக ஆக வேண்டியிருக்கிறது. நியாயசாஸ்திரிக்குச் சமாரியன் என்ற பெயரைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை, இரக்கஞ்செய்தவன் என்றுதான் சொன்னான் என்பதையும் கவனியுங்கள்.

இதையெல்லாம் அறிந்து, எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினவன் நான். ஆனால் பரீட்சை பிறகு வந்தது.

ஜெபித்துவிட்டுப் போனவன்

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்போது நான் வேறொரு மருத்துவமனையில் இளம் போதகராக இருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல் இருக்கும். கிராமத்தில் வீட்டிலேயே பிரசவமான ஒரு பெண்ணை வாடகை வேனில் கொண்டுவந்தார்கள். குழந்தை நன்றாயிருந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் அம்மா உடனே ரத்தம் வேண்டும் என்றார்கள். அந்த நாட்களில் இப்போது இருப்பதுபோல ரத்த வங்கி எல்லா ஊரிலும் கிடையாது. உடன் வந்தவர்கள்தான் கொடுக்க வேண்டும். கணவனுடைய ரத்தம் பொருந்தியது, அவன் கொடுத்தான். இன்னும் ஒரு பாட்டிலாவது வேண்டும் என்றார்கள்.

என்னை எழுப்பினார்கள். நான் போய், அந்தப் பெண்ணின் தலைமாட்டில் நின்று உருக்கமாக ஜெபித்தேன். பொய்யாக ஜெபிக்கவில்லை. கண்ணீரோடுதான் ஜெபித்தேன். முடித்துவிட்டுத் திரும்பியபோது, வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவளுடைய தாய் எழுந்து வந்து என் எதிரில் நின்றார்கள்.

"சாமி, ஜெபம் பண்ணீங்க. ரொம்ப நல்லது. ரத்தம் வேணும்னு டாக்டரம்மா சொல்றாங்களே. உங்க ஒடம்புல இருக்குதே, அது சேருமான்னு பாக்கச் சொல்லக் கூடாதா?"

அந்தத் தாய் என்னைப் பரிகாசம் பண்ணவில்லை. உண்மையாகவே கேட்டார்கள். எனக்கோ ஊசியைக் கண்டால் பயம். இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் ரத்தம் எந்த வகை என்றும், அது பொதுவாகப் பலருக்குச் சேரக்கூடியது என்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, காலையில் இரண்டு கிராமத்தில் ஆராதனை நடத்த வேண்டும். சைக்கிளில் போக வேண்டும். வேறு யாராவது கிடைப்பார்கள், கர்த்தர் அனுப்புவார்." சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கர்த்தர் அனுப்பத்தான் செய்தார். பக்கத்து வார்டில் தன் அண்ணனுக்குத் துணையாகத் தங்கியிருந்த ஒருவர், சத்தம் கேட்டு எழுந்து வந்து விசாரித்திருக்கிறார். இந்தப் பக்கத்து நயினார் ஒருவர், நெல் சாகுபடி செய்கிற விவசாயி. அந்தப் பெண் எந்த ஊர், என்ன குலம், என்ன வேதம் என்று எதையும் அவர் கேட்கவில்லை. "என்னுடையது சேருமான்னு பாருங்க" என்று கையை நீட்டினாராம். சேர்ந்தது. கொடுத்தார்.

ரத்தம் கொடுத்த பிறகு நர்ஸ் அம்மா அவருக்குச் சூடாகப் பால் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர் வாங்கவில்லை. பொழுது சாய்ந்தபின் எதுவும் சாப்பிடுவதில்லை என்பது அவருடைய நியமம். நர்ஸ் கடிந்துகொண்டும் கேட்கவில்லை. "பொழுது விடிஞ்சதும் சாப்பிட்டுக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் படுக்கச் சொன்ன பெஞ்சில் விடியும்வரை படுத்திருந்தார்.

காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்ததைக் கண்டேன். நர்ஸ் நடந்ததைச் சொல்லியிருந்தார்கள். நான் அவரிடம் போய், பெரிய மனது ஐயா உங்களுக்கு என்பதுபோல ஏதோ சொன்னேன். அவர் சாதாரணமாக, "மருந்து கொடுக்கிறது தானம்னு எங்க பெரியவங்க சொல்லியிருக்காங்க. இதுவும் மருந்துதானே ஐயரே?" என்றார். ஔடத தானம் என்றால் என்னவென்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த இரவில் ஆசாரியன் யார், சமாரியன் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று காலை இரண்டு கிராமங்களிலும் நான் பிரசங்கம் செய்தேன். என்ன பிரசங்கித்தேன் என்பது இன்று எனக்கு நினைவில்லை. அந்தத் தாயின் கேள்வி மாத்திரம் நினைவில் இருக்கிறது.

அவசரம் என்னும் சோதனை

பல வருடங்களுக்குப் பிறகு ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் என்ற இடத்தில் உள்ள இறையியல் கல்லூரியில், டார்லி, பேட்சன் என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் நடத்திய ஆய்வு. 1973-ல் வெளியானது. 40 இறையியல் மாணவர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறிய பேச்சுக் கொடுக்கும்படி அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியன் உவமைதான். போகிற வழியில் ஒரு மனிதன் தலைகவிழ்ந்து, இருமி முனகிக்கொண்டு கிடக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

40 பேரில் 16 பேர்தான் ஏதாவது ஒரு வகையில் உதவினார்கள். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவனா, வேறு பொருளைப் பற்றிப் பேசப் போகிறவனா என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. வித்தியாசத்தை உண்டாக்கினது அவசரம். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதத்தினர்தான் உதவினார்கள்.

இதை வாசித்தபோது என் சைக்கிளும் அந்த இரண்டு கிராமங்களும் என் கண்முன் வந்தன. நான் கல்நெஞ்சன் அல்ல. அந்த மாணவர்களும் கல்நெஞ்சர்கள் அல்லர். ஆசாரியனும் லேவியனும்கூடக் கெட்ட மனிதர்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவர்களுக்குப் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். சமாரியனுக்கும் ஒரு பிரயாணம் இருந்தது என்பதை மறந்துவிடாதேயுங்கள். அவன் வேலையற்றவன் அல்ல. அவனிடத்தில் சவாரி மிருகமும், எண்ணெயும், திராட்சரசமும், பணமும் இருந்தன. எங்கேயோ காரியமாகப் போய்க்கொண்டிருந்தவன். அவன் நின்றான்.

அன்பு என்றால் உள்ளம் உருகுவது என்று நினைக்கிறோம். என் உள்ளமும்தான் அன்று உருகியது. ஆனால் என் கால் நிற்கவில்லை. சுயநலமற்ற அன்பு என்பது, அயலானுடைய தேவை என் பிரயாணத்தை நிறுத்தும்படி விட்டுக்கொடுப்பது. சில வேளைகளில் அது ஓர் இரவு நிற்பதாக இருக்கும். சிலருக்கோ வாழ்நாள் முழுவதும் திரும்பிப்போகாமல் நிற்பதாக ஆகிவிடும். அப்படி நின்ற ஒருவரை அறிய நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. இதே சாலையில், இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திண்டிவனத்துக்குப் போனால் போதும்.

திண்டிவனத்தில் மூன்று கதவுத் தட்டல்கள்

வேலூர் மருத்துவமனையை அறியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அதை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் பெயரும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மருத்துவமனையின் முதல் வித்து விழுந்தது வேலூரில் அல்ல, திண்டிவனத்தில் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கும், பின்பு சென்னைக்கும் வந்த மிஷனரி டாக்டர். தகப்பனாரும் ஆற்காடு மிஷனில் டாக்டர். குழந்தைப் பருவத்திலேயே தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமைகளை ஐடா கண்டார். வளர்ந்தபோது இந்த நாட்டில் மிஷனரியாக வாழ அவருக்குச் சிறிதும் விருப்பம் இல்லை. அமெரிக்காவில் படித்து, அங்கேயே சுகமாக வாழ வேண்டும் என்பதுதான் எண்ணம். தாயாருக்கு உடல்நலம் சரியில்லை என்பதால் 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தார். தாயாரைக் கவனித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்றே வந்தார்.

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண இளைஞர். சிறு வயது மனைவிக்குப் பிரசவம், நிலைமை மோசம், உதவிக்கு வாருங்கள் என்றார். என் தகப்பனார்தான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அவர் சம்மதிக்கவில்லை. அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்ப்பது அவருடைய வழக்கத்துக்கு ஆகாது. திரும்பிப் போய்விட்டார். சற்று நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. ஓர் இஸ்லாமியர். அதே தேவை, அதே பதில். மூன்றாவது முறையாக உயர்குலத்து இந்து ஒருவர் வந்தார். அவரும் அப்படியே திரும்பினார். விடியற்காலையில் ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தார் ஐடா. மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

பிரியமானவர்களே, அந்தக் காலையில் ஐடா என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். டாக்டர் வீட்டிலேயே இருந்தார், வேண்டாம் என்றது அவர்கள்தானே என்று சொல்லியிருக்கலாம். அவர்களுடைய வழக்கம் மூடத்தனமானது, அதை அவர்கள் முதலில் மாற்றிக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அன்று யாரும் தவறு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். குற்றம் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டால் நம் மனம் ஆறிவிடுகிறது. நாம் வழியே போய்விடலாம்.

ஐடா போகவில்லை. இந்தப் பெண்கள் பெண் டாக்டரைத்தான் உள்ளே விடுவார்கள் என்றால், அந்தப் பெண் டாக்டராக நான் ஆகிறேன் என்று தீர்மானித்தார். அவர்கள் மாறும்வரைக்கும் காத்திருக்கவில்லை, தாம் மாறினார். தன்னலமற்ற அன்பு எது என்று யாராவது என்னைக் கேட்டால், இதைத்தான் காட்டுவேன். நமக்கு வசதியான உதவியைக் கொடுத்துவிட்டு, வாங்காதவனைக் குறைசொல்லுவது எளிது. அவனுக்கு எந்த உதவி எட்டுமோ அந்த உதவியாக நாம் ஆகிறதற்கு நம்முடைய வாழ்க்கையையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரியத்தையும் கவனியுங்கள். அன்பு மாத்திரம் இருந்திருந்தால் போதாது. அந்த இரவிலும் ஐடாவுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. வித்தைதான் இல்லை. கூடப் போயிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? ஆகவே அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் மருத்துவம் படித்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில், முதன்முதலாகப் பெண்களையும் சேர்த்துக்கொண்ட வகுப்பில், 1899-ல் பட்டம் பெற்றார். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். திண்டிவனத்தின் அந்த ஓர் இரவுக்குப் பதில் சொல்ல அவருக்கு இத்தனை வருடங்கள் பிடித்தன.

வந்த சில மாதங்களிலேயே தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். துணை நிற்பார் என்று நம்பியிருந்தவர் போய்விட்டார். வேலூரில் வீட்டிலேயே ஒரே ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. மாட்டு வண்டியில் கிராமங்களுக்குப் போனார். பிறகு ஒரு சிறிய பெஷோ கார் கிடைத்தது. சாலையோரத்தில் மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தார். இன்று நாம் இங்கே நடத்துகிற முகாமைப் போன்றவற்றுக்கெல்லாம் அந்த மரத்தடிகளே முன்னோடி.

தான் ஒருத்தி எத்தனை கதவுகளுக்குப் போக முடியும் என்ற கேள்வி அவருக்கு வந்தது. 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்கள் மருத்துவம் படிக்க வரமாட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. 1922-ல் முதல் வகுப்பிலிருந்து 14 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். திண்டிவனத்தில் ஒரு பெண் டாக்டர் இல்லாததால் மூன்று பேர் மரித்தார்கள். இப்போது 14 பேர், எல்லாரும் இந்த மண்ணின் பெண்கள். 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அம்மையார் 1960-ல் கொடைக்கானலில் தம் ஓட்டத்தை முடித்தார்.

சத்திரக்காரனிடம் கொடுத்த பணம்

இப்போது ஆதரவாளர்களாகிய உங்களோடு ஒரு வார்த்தை.

ஷெல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ஐடா அம்மையார் அமெரிக்காவிலிருந்து புறப்படுவதற்கு முன்பாக, மருத்துவமனை கட்டப் பணம் திரட்ட முயன்றுகொண்டிருந்தார். நியூயார்க்கில் வங்கியாளராயிருந்த ஷெல் என்பவர், மரித்துப்போன தம் மனைவி மேரியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். திண்டிவனத்தின் அந்த மூன்று பெண்களை அவர் அறியார். ஆனால் ஐடா நிற்க இடமும், நோயாளி படுக்கக் கட்டிலும் அந்தக் காணிக்கையால் வந்தன.

உவமையிலும் இப்படி ஒரு பகுதி உண்டு. நாம் அதை அதிகம் பிரசங்கிப்பதில்லை. சமாரியன் காயத்தைக் கட்டினதோடு நிறுத்தவில்லை. சத்திரத்துக்குக் கொண்டுபோனான். மறுநாள் சத்திரக்காரனிடத்தில் இரண்டு தெனாரி கொடுத்தான். அது அந்நாளில் இரண்டு நாள் கூலி. இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் ஒப்புக்கொண்டான். அதாவது, எவ்வளவு ஆகும் என்று தெரியாத கணக்குக்குப் பொறுப்பேற்றான். காயம்பட்டவன் கண் திறந்து நன்றி சொல்லும்வரைக்கும் அவன் காத்திருந்ததாகவும் சொல்லப்படவில்லை. தன் பெயரை யாருக்கும் சொல்லவுமில்லை.

ஒவ்வொரு மாதமும் நீங்கள் அனுப்புகிற மணியார்டரும் காசோலையும், இப்போது இளையவர்கள் போன் மூலம் அனுப்புகிற தொகையும் அந்த இரண்டு தெனாரிதான். உங்களில் பலர் இந்த நோயாளிகளின் முகத்தைப் பார்த்ததில்லை. அவர்களும் உங்கள் பெயரை அறியார்கள். ஆனால் மருத்துவமனைச் செலவில் பில்லுக்கு வெளியே எத்தனை இருக்கின்றன என்பதை வார்டில் நடக்கிற நான் அறிவேன். துணைக்கு வந்த கிழவிக்கு இரவுச் சாப்பாடு இருக்காது. டிஸ்சார்ஜ் ஆனவனுக்கு ஊர் போய்ச் சேர பஸ் கட்டணம் இருக்காது. கூலி வேலைக்குப் போகாமல் கணவன் பத்து நாள் இங்கே இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத இந்தக் கணக்குக்குத்தான் நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.

காலம் மாறியிருக்கிறது, அதற்காகவும் கர்த்தரைத் துதிக்கிறோம். 2018-20 ஆண்டுகளுக்கான அரசின் கணக்கின்படி, உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் தமிழ்நாட்டில் மரித்தார்கள். இந்தியா முழுவதற்கும் இது 97 ஆக இருந்தது. 2008-ல் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இவற்றை ஏற்படுத்தியவர்களையும், இராப்பகலாக அங்கே உழைக்கிறவர்களையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனாலும் 54 என்பது வெறும் எண் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் கேட்கிற சாவு மேளம். அவற்றில் ரத்தப்போக்கு இன்னும் ஒரு முக்கியமான காரணம்.

ஆகவே இன்று உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

முதலாவது, ரத்தம் கொடுங்கள். 18 வயதிலிருந்து 65 வயது வரைக்கும், குறைந்தது 45 கிலோ எடையுள்ள ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஒரு தடவைக்கு, எடையைப் பொறுத்து, 350 அல்லது 450 மில்லி எடுப்பார்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். கொடுத்த பிறகு, அந்த நயினாரைப்போல் விடியும்வரை பட்டினியிராமல், தண்ணீரோ பழச்சாறோ குடியுங்கள்! உங்கள் சபையில் வாலிபர் சங்கம் இருந்தால், யார் யாருக்கு எந்த ரத்த வகை என்று ஒரு பட்டியல் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். இரவில் கூப்பிட்டால் வரக்கூடியவர்களின் பெயருக்கு எதிரே ஒரு அடையாளம் போடுங்கள்.

இரண்டாவது, உங்கள் பிள்ளைகளில் ஒருவரை இந்த ஊழியத்துக்குப் படிக்க வையுங்கள். டாக்டராகத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நர்ஸ், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபி என்று எத்தனையோ இருக்கின்றன. இரக்கம் உள்ளவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரக்கத்தோடு வித்தையும் உள்ளவர்கள்தான் எங்களுக்குக் குறைவு.

மூன்றாவது, உங்கள் தெருவில் இருக்கிற, உங்கள் சபையைச் சேராத ஒரு வீட்டின் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் யாருக்காவது நோய் வந்தால், அவர்கள் முதலில் தட்டுகிற கதவு உங்களுடையதாக இருக்குமா? இதை இன்று இரவு உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் இல்லை என்றால், நாளைக்கே போய் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். கொடுப்பதற்கு முன்பாக வாங்கவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த உவமையைக் கேட்ட யூதனுக்கு, ஒரு சமாரியனிடமிருந்து உதவி பெறுவதாக நினைத்துப் பார்ப்பதே பெரிய பாடமாக இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த இரவுக்கு மூன்று வாரம் கழித்து, நான் டாக்டர் அம்மாவிடம் போய், என் ரத்தத்தையும் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்றேன். ஊசியைக் கண்டால் பயம் என்பதையும் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயரே" என்று மாத்திரம் சொன்னார்கள். அன்று முதல் கூப்பிட்டபோதெல்லாம் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் கடைசிவரை போகவில்லை. அன்பு செலுத்துவதற்குப் பயம் போக வேண்டும் என்ற அவசியமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது எனக்கு வயது 66. சென்ற ஆண்டு ரத்த வங்கியில், ஐயா இனி உங்களிடம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் முறை முடிந்தது. அந்தத் தாயின் கேள்வி முடியவில்லை. அதை இன்று உங்களிடம் ஒப்படைத்துவிட்டு உட்காருகிறேன்.

ஜெபிப்போம். இரக்கமுள்ள பிதாவே, வழியில் விழுந்து கிடந்த எங்களைக் கடந்து போகாமல், உமது குமாரனில் எங்களிடத்தில் இறங்கி வந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். இந்த ஊரையும், எங்களுக்கு நிழல் கொடுத்த இந்த வீட்டாரையும் ஆசீர்வதியும். முகாமில் வரிசையில் காத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் சுகத்தைக் கட்டளையிடும். பேர் அறியாத நோயாளிகளுக்காகக் கொடுக்கிற ஒவ்வொரு கரத்தையும் நிறைவாக்கும். நாங்கள் அவசரமாய்ப் போகிற வேளையில், எங்களை நிறுத்தும். எங்கள் இரட்சகராகிய இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.